எரிந்து அணைந்த மஞ்சள் விளக்கு: 737 எரிபொருள் பம்ப் எச்சரிக்கை, ஒரு நிகழ்வு ஆய்வு

விமானம் போயிங் 737-800. இடம் சென்னை மீனம்பாக்கம், இரவுத் தங்கல். விமானக் கோளாறுகளைப் பதியும் டெக் லாக் புத்தகத்தில் கேப்டன் எழுதியிருந்தது ஒரே வரி: இரண்டாம் டேங்கின் பின்பக்க எரிபொருள் பம்ப்புக்கான லோ பிரஷர் (அழுத்தக் குறைவு) விளக்கு தரையிறங்கும் நேரத்தில் எரிந்து அணைந்தது. பழைய பக்கங்களைப் புரட்டினால் இதே புகார் முன்பும் வந்திருந்தது. ஓர் ஊரில் பம்ப்பை மாற்றியிருந்தார்கள். இன்னோர் ஊரில் பிரஷர் சுவிட்சை மாற்றியிருந்தார்கள். இரண்டு முறையும் தரையில் சோதித்துப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று கையெழுத்திட்டு அனுப்பியிருந்தார்கள். அதில் பொய் எதுவும் இல்லை. தரையில் அது நன்றாகத்தான் இருந்தது.

பயணங்களுக்கு இடையே விமானத்தைப் பார்க்கும் லைன் மெயின்டனன்ஸில் இப்படிப்பட்ட கோளாறுதான் அதிகம் ஏமாற்றும். முழுசாகச் செத்துப்போன பம்ப் ஒரு மணி நேரத்தில் பிடிபட்டுவிடும். வந்து வந்து போகும் விளக்கு அப்படியல்ல. ஒவ்வொரு ஊரிலும் ஒரு பாகத்தை விழுங்கிவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடும். ஆகவே இந்த நிகழ்வைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

விளக்கு எதைப் பார்க்கிறது

737-800ல் மூன்று டேங்குகள்: இரண்டு இறக்கைகளிலும் ஒவ்வொன்று (இடது ஒன்றாம் டேங்க், வலது இரண்டாம் டேங்க்), நடுவில் ஒன்று. மொத்தக் கொள்ளளவு ஏறக்குறைய 26,000 லிட்டர். இறக்கை டேங்க் ஒவ்வொன்றிலும் முன்பக்கம் ஒரு பம்ப், பின்பக்கம் ஒரு பம்ப். நடு டேங்கில் இடம், வலம் என்று இரண்டு. ஆறும் 115 வோல்ட், 400 ஹெர்ட்ஸ், மூன்று ஃபேஸ் மின்சாரத்தில் ஓடுகின்றன. நடு டேங்க் பம்ப்புகளின் அழுத்தம் கூடுதல். அதனால் எல்லாமே ஓடிக்கொண்டிருந்தாலும் முதலில் நடு டேங்க்தான் காலியாகும்.

ஒவ்வொரு பம்ப்பும் தள்ளும் எரிபொருளின் அழுத்தத்தை ஒரு சுவிட்ச் கவனித்துக்கொண்டிருக்கிறது. அழுத்தம் போதுமான அளவு இருந்தால் சுவிட்சின் உள்தொடர்பு திறந்திருக்கும், விளக்கு அணைந்திருக்கும். அழுத்தம் விழுந்தால் தொடர்பு மூடி, விளக்கின் வயரை எர்த் செய்யும், காக்பிட்டின் மேல்பேனலில் மஞ்சள் விளக்கு எரியும். அவ்வளவுதான் அந்தச் சுற்று.

ஆகவே விளக்கு எரிகிறது என்றால் அந்த வயர் எங்கோ எர்த் ஆகிறது என்று மட்டுமே பொருள். வீட்டுக் கிணற்று மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டும் மாடித் தொட்டியில் தண்ணீர் விழவில்லை என்றால் மோட்டாரைத் திட்டும் முன் ஃபுட் வால்வு, குழாய், கிணற்று நீர்மட்டம் எல்லாவற்றையும் பார்ப்போம் இல்லையா? இங்கே அதற்கு மேலும் ஒரு படி இருக்கிறது. தண்ணீர் ஒழுங்காக விழுந்துகொண்டிருந்தாலும் விழவில்லை என்று தகவல் வரலாம்.

இறக்கை டேங்க் விளக்குகளுக்கு இன்னொரு குணம் உண்டு. பம்ப்பை அணைத்தால் விளக்கு எரியும். அழுத்தம் இல்லாததால் அது நியாயமே. எஞ்சின் கிளப்பும் முன் நான்கு விளக்குகளும் எரிகின்றனவா என்று ஒரு பார்வை பார்த்தால் பல்பு, வயர், சுவிட்ச் மூன்றும் சோதிக்கப்பட்டுவிடும். பம்ப் அணைந்திருந்தும் விளக்கு எரியவில்லை என்றால் அதுதான் பெரிய ஆபத்து. உண்மையிலேயே அழுத்தம் விழும் நாளில் அந்த விளக்கு வாய் திறக்காது. நடு டேங்க் விளக்குகள் வேறு மாதிரி: அவற்றின் பம்ப்பை அணைத்தால் விளக்கும் அணைந்துவிடும்.

தெரியாமல் போன எரிதல்கள்

இந்த ரகத்தில் இறக்கை டேங்கில் ஒரே ஒரு லோ பிரஷர் விளக்கு எரிந்தால், விமானிகளின் கண்முன் இருக்கும் பொது எச்சரிக்கை விளக்கான மாஸ்டர் காஷன் தானாக எரியாது. நிலுவையில் உள்ள எச்சரிக்கைகளைக் காட்டச் சொல்லும் ரீகாலை விமானி அழுத்தினால்தான் காட்டும். ஒரே டேங்கின் இரண்டு பம்ப்பும் விழுந்தால்தான் மாஸ்டர் காஷன் உடனே கூப்பிடும். வடிவமைப்பு என்ற அளவில் இது சரியே. ஒரு பம்ப் போனால் அடுத்த பம்ப் தாங்கும். இரண்டும் போனாலும் எஞ்சினில் உள்ள பம்ப்பே இறக்கை டேங்கிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். உயரத்தில் மட்டும் கவலை: அங்கே காற்றழுத்தம் குறைவு, எரிபொருளில் கரைந்திருக்கும் காற்று குமிழாகப் பிரியும், எஞ்சின் உந்துவிசை குறையலாம், அணைந்தும் போகலாம்.

பராமரிப்பவருக்கு இதனால் வரும் சிக்கல் வேறு. ரீகால் சோதனை இறக்கத்தின் தொடக்கத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு, இறக்கையின் ஃபிளாப் தகடுகளை விரித்து, சக்கரம் இறக்கி, விமானிகள் இருவரும் ஓடுபாதையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது தலைக்கு மேல் ஒரு சின்ன விளக்கு இரண்டு விநாடி எரிந்து அணைந்தால் யார் பார்ப்பார்? விமானத்தை அதன் நிறுத்துமிடத்தில் நிறுத்தியபின் பம்ப்புகளை அணைத்துவிடுவார்கள். அப்போது விளக்கு எரிவது இயல்பு, சாட்சியம் அதோடு அழிந்துபோகிறது. அப்படியானால் புத்தகத்தில் பதிவான எரிதல்களைவிட உண்மையில் நடந்தவை அதிகமாக இருக்க வேண்டும். "எப்போதாவது வருகிறது" என்று பழைய பக்கங்களில் எழுதியிருந்ததை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், "எப்போதாவதுதான் பார்க்கப்படுகிறது" என்று படித்துக்கொண்டோம்.

கேப்டன் இன்னும் ஹோட்டலுக்குக் கிளம்பவில்லை. போய்க் கேட்டோம். விளக்கு எரிந்தது எப்போது? சக்கரம் இறங்கியதும். டேங்கில் எவ்வளவு இருந்தது? பம்ப் மூழ்கியிருக்கத் தாராளமாகப் போதுமான அளவு. விமானம் மூக்கைத் தூக்கியோ தாழ்த்தியோ இருந்ததா? சாதாரண நிலைதான். அதே டேங்கின் முன்பக்க விளக்கு? எரியவே இல்லை. மழை? மேகத்துக்குள் குலுக்கல் இருந்தது. எரிந்த விளக்கு மங்கலா, முழு வெளிச்சமா? முழு வெளிச்சம்.

இந்தச் சிறிய பேச்சு ஒரு கருவி தராத அளவுக்குத் தகவல் தந்தது. எரிபொருள் குறைவாக இருக்கும்போது விமானம் சாய்ந்தால் பம்ப்பின் வாய் வெளியே தெரிந்து, காற்றை உறிஞ்சி விளக்கு மினுக்குவது உண்டு. இங்கே அது இல்லை. முந்தைய பதிவுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். நேரம் குறித்திருந்த எல்லாப் பதிவுகளிலும் எரிதல் தரையிறங்கும் கட்டத்தில்தான். ஏறும்போதோ சமநிலையில் பறக்கும்போதோ ஒன்றுகூட இல்லை. ஆனால் எரிபொருள் அதிகம் குடிப்பது ஏறும்போதுதானே! சோர்ந்துபோன பம்ப் என்றால் அங்கே மூச்சு வாங்க வேண்டும். இறங்கும்போது எஞ்சின் கேட்பது கொஞ்சம்தான், பம்ப்புக்கு வேலை குறைவு. பம்ப் மேல் எனக்கு இருந்த சந்தேகம் அங்கேயே பாதி போய்விட்டது.

எம்.இ.எல். கேள்வி

நள்ளிரவு தாண்டியபோது டியூட்டி மேனேஜர் வந்தார். "சார், ஒரு மெயின் பம்ப் தானே? எம்.இ.எல். போட்டு காலையில அனுப்பிடலாமா?"

கேள்வியில் தவறில்லை. எம்.இ.எல். எனப்படும் குறைந்தபட்சக் கருவிப் பட்டியலின்படி ஒரு இறக்கை டேங்க் பம்ப் வேலை செய்யாமல் நிபந்தனைகளோடு பறக்கலாம். சி வகை, அதாவது சரிசெய்ய 10 நாள் அவகாசம். ஆனால் அந்தச் சலுகை வேலை செய்யாத பம்ப்புக்குத்தான். எங்கள் கையில் இருந்தது வேலை செய்யாத பம்ப் என்று இன்னும் யாரும் நிரூபிக்கவில்லை. இரண்டு பாகங்களை மாற்றியும் தொடரும் புகார், எரிபொருள் டேங்கின் சுவரை ஒட்டிப் போகும் ஒரு சுற்று. பம்ப்பை அணைத்துப் பட்டியலில் சேர்த்துவிட்டால் விளக்கும் நிரந்தரமாக எரிந்துகொண்டிருக்கும், உண்மையான கோளாறு 10 நாள் மறைந்திருக்கும். நேரம் கொடுங்கள் என்று கேட்டேன். அவரும் பிடிவாதம் பிடிக்கவில்லை, காலைப் பயணத்துக்கு வேறு விமானம் தேட ஆரம்பித்தார். இப்படிக் கேட்டால் கொடுக்கிற மேனேஜர்கள் இருக்கிறார்கள் என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

பம்ப்பை முதலில் விடுவித்தல்

சந்தேகம் குறைந்தது என்பதற்காகப் பம்ப்பை விட்டுவிட முடியாது. "சுவிட்ச் பிரச்சினைதான், வயர் பிரச்சினைதான்" என்று யூகத்தில் தள்ளிவிட்ட பம்ப் பின்னால் உண்மையாகவே செத்தால் என்ன செய்வது? பம்ப் நல்லது என்பதற்கும் சான்று வேண்டும்.

பலர் தடுக்கி விழும் இடம் இது. எஞ்சினை ஓட்டி, எரிபொருள் ஓட்டம் சீராக இருக்கிறது, சுழற்சி சீராக இருக்கிறது, ஆகவே பம்ப் நன்று என்பார்கள். அது எதையும் நிரூபிக்காது. பக்கத்துப் பம்ப் ஓடிக்கொண்டிருக்கும். அதை அணைத்தாலும், தரை மட்டத்தில் எஞ்சின் தானே உறிஞ்சிக்கொண்டு ஒழுங்காக ஓடும். சந்தேகப்பட்ட பம்ப் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தாலும் எஞ்சின் அளவீடுகள் அழகாகவே தெரியும்.

நாங்கள் எடுத்த வழி, தரையில் டேங்கிலிருந்து டேங்குக்கு மாற்றுவது. 737ல் வலது இறக்கையில் உள்ள, எரிபொருளை வெளியே எடுப்பதற்கான டிஃப்யூயல் வால்வைத் திறந்து, ஏற்கும் டேங்கின் நிரப்பும் வால்வையும் திறந்தால், இறக்கை டேங்கின் பம்ப்பே எரிபொருளை இன்னொரு டேங்குக்குத் தள்ளும். எரிபொருள் ஏற்றும் பவுசர் வண்டி வேண்டாம். இரண்டாம் டேங்கின் பின்பக்கப் பம்ப்பை மட்டும் ஓட்டி நடு டேங்குக்கு மாற்றினோம். அளவுமானியில் எண்கள் தயங்காமல் ஏறின. பிறகு முன்பக்கப் பம்ப்பை மட்டும் ஓட்டி ஒப்பிட்டோம். வித்தியாசம் சொல்லும்படி இல்லை. மூன்று ஃபேஸ்களிலும் மின்னோட்டம் சமமாக இருந்தது. அதனால் ஒரு ஃபேஸ் விட்டுவிட்டு வருகிறது என்ற சந்தேகமும் விலகியது. சர்க்யூட் பிரேக்கர் எதுவும் விழுந்ததாகப் பதிவு இல்லை. முடிந்ததும் மாற்றிய எரிபொருளைத் திருப்பி அனுப்பினோம். இறக்கை டேங்குகள் நிறையாமல் நடு டேங்கில் 453 கிலோவுக்கு மேல் வைத்துப் பறக்கக் கூடாது.

ஆக, பம்ப் நல்லது. சுவிட்ச் அண்மையில் மாற்றப்பட்டது. புதுசும் கெடும், ஆனால் பழையதும் புதியதும் ஒரே மாதிரி, ஒரே கட்டத்தில் கெடுவது நம்பும்படி இல்லை. மிச்சம் இருந்தது வயர்.

கனெக்டரைக் கழற்றினால்

வயரைப் பரிசோதிக்க இருக்கும் மிக எளிய வழி சுவிட்சின் கனெக்டரைக் கழற்றிவிடுவது. சுவிட்ச் இல்லையென்றால் எர்த் ஆக வழியில்லை. பம்ப் அணைந்திருந்தாலும் விளக்கு அணைந்தே இருக்க வேண்டும். அதன் பிறகும் விளக்கு எரிந்தால், வயர் வழியில் எங்கோ உலோகத்தைத் தொடுகிறது என்று அர்த்தம். பம்ப்பை ஓட்டாமலே செய்யக்கூடிய சோதனை என்பதால் பாதுகாப்பானதும்கூட. முந்தைய இரண்டு ஊர்களிலும் இதைச் செய்ததாகப் பதிவு இல்லை.

கழற்றினோம். விளக்கு அணைந்தது. கனெக்டருக்குள் பச்சைப் பூச்சோ ஈரமோ இல்லை. வயரின் தொடர்ச்சி சரி. பி2 உரிமம் (மின், மின்னணு அமைப்புகளுக்கானது) உள்ள சகப் பொறியாளர் வயரிங் வரைபடத்தை விரித்து, அந்த வயர் சுவிட்சிலிருந்து காக்பிட் வரை போகும் பாதையை விரலால் தொட்டுக்கொண்டே வந்தார். சக்கர அறையின் ஓரத்தில் விரல் நின்றது. "சார், இந்த இடத்துல ரெண்டு கிளாம்ப். இதுக்கு மேலதான் கியர் ஹைட்ராலிக் குழாயெல்லாம் போகுது. இறங்கும்போது மட்டும் வருதுன்னா இங்கதான் எனக்குச் சந்தேகம்."

சக்கரம் இறங்கும்போது சக்கர அறை திறந்து காற்று உள்ளே அறையும், அதிர்வு கூடும். நின்றிருக்கும் விமானத்தில் அந்த அதிர்வு ஏது? அதைக் கையால்தான் உண்டாக்க வேண்டும். இளம் டெக்னீஷியன் ஒருவரை காக்பிட்டில் உட்கார வைத்து, விளக்கிலிருந்து கண்ணை எடுக்காதே தம்பி என்று சொல்லிவிட்டுக் கீழே போனோம். வயர்க் கட்டைத் தொடக்கத்திலிருந்து பிடி பிடியாக மெல்ல அழுத்தி, தளர்த்தி நகர்ந்தோம். ஃபிளாப் மடக்கிய நிலையில் ஒன்றும் இல்லை. விரித்த நிலையிலும் முதலில் ஒன்றும் இல்லை. இரண்டாவது கிளாம்ப்புக்கு அருகே வந்தபோது இன்டர்போனில் குரல் உயர்ந்தது: "அண்ணே, அடிச்சுது! திரும்ப அங்கேயே அழுத்துங்க!"

மின்சாரத்தைத் துண்டித்து, பிரேக்கரில் எச்சரிக்கை அட்டை மாட்டியபின் கண்ணாடியும் டார்ச்சும் வைத்துப் பார்த்தோம். கிளாம்ப்பின் ரப்பர் மெத்தை இறுகி, வெடித்து, ஒரு துண்டு உதிர்ந்துபோயிருந்தது. கட்டு தொய்ந்து, பக்கத்து பிராக்கெட்டின் விளிம்பில் உரசியிருந்தது. வெளிப்புறம் இருந்த ஒரே ஒரு வயரின் உறை தேய்ந்து, உள்ளே உலோக இழை பளபளத்தது. அதுதான் லோ பிரஷர் விளக்கின் வயர். கட்டைத் தள்ளினால் பிராக்கெட்டைத் தொட்டது, விட்டால் விலகியது.

ஏன் இதைச் சின்ன வயர் என்று விட முடியாது

இது 28 வோல்ட் விளக்குச் சுற்று, டேங்குக்கு வெளியே இருக்கிறது. இதனால் உடனே தீப்பற்றியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் டேங்கின் அருகே உரசும் வயர் என்றால் எங்கள் தொழிலில் யாரும் தோளைக் குலுக்கிவிட்டுப் போவதில்லை. அதற்குக் காரணங்கள் இருக்கின்றன.

1990 மே 11 அன்று மணிலாவில் ஒரு 737-300 கிளம்பும் தறுவாயில் நடு டேங்க் வெடித்து 8 பேர் இறந்தார்கள். 1996 ஜூலை 17 அன்று நியூயார்க்கிலிருந்து கிளம்பிய டி.டபிள்யூ.ஏ. 800, ஒரு 747, நடு டேங்க் வெடித்து 230 பேரோடு கடலில் விழுந்தது. டேங்குக்கு வெளியே ஏற்பட்ட ஷார்ட், அளவுமானியின் வயர் வழியாக உள்ளே போயிருக்கவே வாய்ப்பு அதிகம் என்பது விசாரணையின் முடிவு. 1998 மே மாதம் பழைய 737களில் டேங்குக்குள் குழாய் வழியே போகும் பம்ப் வயர்களில் தேய்மானம் தெரியவந்து, அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் அவசர ஆணை போட்டு அவற்றைச் சோதிக்கவைத்தது. 2001 மார்ச் 3 அன்று பாங்காக் டான் முவாங்கில் நின்றிருந்த ஒரு 737-400, வெயிலில், ஏறக்குறைய காலியான நடு டேங்கின் பம்ப்புகள் ஓடிக்கொண்டிருந்த நிலையில் வெடித்து, விமானப் பணியாளர் ஒருவர் இறந்தார். பொறி எங்கிருந்து வந்தது என்பது அங்கே உறுதிப்படவில்லை.

இவற்றின் வழியாகத்தான் இன்றைய விதிகள் வந்தன. அளவுமானி வயர்கள் மற்றவற்றோடு சேராமல் போக வேண்டும். டேங்கைச் சுற்றிய சில அமைப்புகளை இம்மியும் மாற்றக் கூடாது. விழுந்த பம்ப் பிரேக்கரை வானில் திரும்பப் போடக் கூடாது. பின்னாளைய 737களில் நடு டேங்க் பம்ப்பில் அழுத்தம் குறைந்து சுமார் 15 விநாடி நீடித்தால் மின்சாரம் தானே துண்டிக்கப்படும், காய்ந்த பம்ப் ஓடிக்கொண்டே இருக்காது. சித்திரை, வைகாசி வெயிலில் சென்னைத் தரையில் நிற்கும் விமானத்தின் டேங்க் எவ்வளவு சூடாகும் என்று தொட்டுப் பார்த்தவர்களுக்கு இந்த விதிகளை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஜெட் ஏ-1 எரிபொருளின் தீப்பற்றும் நிலைக்கான கீழ்வரம்பு 38 டிகிரிதான்.

சரிசெய்தது

வயரை வயரிங் கையேட்டின் முறைப்படி பழுதுபார்த்து, இரண்டு கிளாம்ப்புகளையும் மாற்றி, கட்டுக்கும் பிராக்கெட்டுக்கும் இடையே கேட்கப்பட்ட இடைவெளி இருப்பதை அளந்து உறுதிசெய்தோம். கட்டில் இருந்த மற்ற வயர்களையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தோம், வேறு தேய்மானம் இல்லை. கனெக்டரைக் கழற்றி மறுபடி அதே அழுத்தல் சோதனை: விளக்கு அசையவில்லை. கனெக்டரை மாட்டி, பம்ப்பை அணைத்தால் எரிகிறது, போட்டால் அணைகிறது. அணைத்தால் எரிகிறதா என்பதையும் பார்த்தே ஆக வேண்டும். பழுதுபார்த்த கையோடு வயர் எங்காவது விட்டுப்போயிருந்தால் விளக்கு என்றைக்குமே எரியாது, எல்லாரும் சந்தோஷமாக இருப்பார்கள்.

அப்புறம் இடது இறக்கைக்குப் போனோம். அதே வயது, அதே வெப்பம், அதே கடற்காற்று, அதே ரப்பர். அந்தப் பக்கத்து மெத்தையும் இறுகி விரிசல் விட்டிருந்தது, ஆனால் கட்டு இன்னும் தொய்யவில்லை. அதையும் மாற்றினோம். விமானம் மறுநாள் பிற்பகல் சேவைக்குத் திரும்பியது. முதலில் கழற்றப்பட்ட பம்ப்பையும் சுவிட்சையும் பற்றிப் பட்டறையிலிருந்து பின்னர் வந்த அறிக்கையில் இரண்டிலும் கோளாறு இல்லை என்றே இருந்தது. கழற்றிய பாகம் நல்லது என்று பட்டறை சொல்வது ஒரு தகவல். அது அடுத்த ஊரில் வேலை பார்ப்பவரின் கைக்கு உடனே போய்ச் சேர்ந்தால், அவர் அதே பாகத்தை மறுபடி மாற்ற மாட்டார். இந்த முறை அந்த அறிக்கை வந்தபோது வேலை முடிந்திருந்தது.

ஏ320 பக்கம் வேலை செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே ஒரு பம்ப்பின் அழுத்தம் குறைந்தாலே விமானிகளுக்கு எச்சரிக்கைகளை எழுத்தில் காட்டும் ஈகேம் திரையில் பெயரோடு வந்துவிடும், நிகழ்ந்த நேரமும் பதிவாகும். பார்க்காமல் போகும் பிரச்சினை குறைவு. ஆனால் அங்கேயும் திரைக்குப் பின்னால் இருப்பது ஒரு சுவிட்சும் ஒரு வயரும்தான்.

விமானிகளிடம் ஒரு வேண்டுகோள். லோ பிரஷர் விளக்கு எரிந்தால், பேனா எடுக்கும்போது இவற்றையும் சேர்த்து எழுதுங்கள்: ஏறும்போதா, இறங்கும்போதா, ஃபிளாப், சக்கரம் எந்த நிலையில், டேங்கில் எவ்வளவு, எத்தனை விநாடி, பக்கத்து விளக்கு எரிந்ததா, பம்ப்பை அணைத்துப் போட்டீர்களா. இந்த விமானத்தில் "சக்கரம் இறங்கியதும்" என்ற இரண்டு சொற்களை வாகனம் வருமுன் கேப்டனைப் பிடித்துக் கேட்டு வாங்கினோம். அவர் கிளம்பியிருந்தால் அன்றிரவும் ஸ்டோர்ஸிலிருந்து இன்னொரு பம்ப் வெளியே வந்திருக்கும்.